கோலா கங்சாரில் ஒரு நிலாப் பாட்டு

ஈப்போவிலிருந்து கோலா கங்சார் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அப்பா நெடுஞ்சாலையில் போகமாட்டார். "டோல் கட்டி செம்பனை மரத்தைப் பார்க்கணுமா?" என்பார். செம்மோர், சுங்கை சிப்புட் வழியாகப் போகும் பழைய சடக்குதான் அவருக்குச் சாலை.

அன்று காரில் மூன்று பேர். அப்பா ஓட்டினார், பக்கத்தில் நான். பின் இருக்கையில் எண்பத்தாறு வயதுப் பாட்டி, மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு. அந்த டின்னில் பிஸ்கட் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதை எதற்குக் கொண்டுவருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

செம்மோர் தாண்டும்போது வானொலியில் 'இசபெல்லா' வந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். கூடவே பாடவும் தொடங்கிவிட்டார்.

நான் வானொலி அறிவிப்பாளர். பாட்டுக்கு முன்னால் நாலு வரி, பின்னால் நாலு வரி பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பாட்டு யாருக்காக எழுதினது?" பாட்டு பிடித்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறோம். அதுவும் ராக் குழுக்கள் பாடிய காதல் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி தொடங்கும். பாதியில் டிரம்ஸ் வந்து விழும். கிட்டார் அழும். கடைசியில் பாடகர் தொண்டை கிழிய உச்சத்துக்குப் போவார். 'பவர் பேலட்' என்று இதற்குப் பெயர். எண்பதுகளின் கடைசியில் நம் நாட்டில் ராக் காப்பாக், அதாவது கோடரி ராக், கொடிகட்டிப் பறந்தபோது வந்த பாட்டுகளில் பாதி இந்த ரகம்தான்.

'இசபெல்லா' 1989இல் வந்தது. 1981இல் ஜொகூர் பாருவில் உருவான 'சர்ச்' குழுவின் பாட்டு. மெட்டு எம். நாசிர், வரிகள் பாப் லோக்மான், குரல் ஏமி. இரு வேறு உலகத்தில் பிறந்த இருவர் சேர முடியாமல் போகும் கதை. இந்தோனேசியாவையும் அந்தப் பாட்டு ஒரு ஆட்டு ஆட்டியது. அடுத்த ஆண்டே அதே பெயரில் படம் எடுத்து ஏமியையே கதாநாயகனாக்கினார்கள். பேராக் காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 'சுச்சி டாலம் டெபு' பாடிய 'இக்லிம்' குழுவின் சலீம் நம் தெலுக் இந்தான் மண்ணில் பிறந்தவர். 2018இல் அவர் இறந்தபோது என் நிகழ்ச்சிக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் தமிழர்களுடையவை. தோட்டத்து லயத்து வாசலில் கிட்டார் பிடித்து உட்கார்ந்த நம் பையன்களுக்கு இளையராஜா ஒரு பக்கம் என்றால், இந்த ராக் பாட்டுகள் மறுபக்கம்.

என் அப்பாவும் அந்தப் பையன்களில் ஒருவர். 1989இல் அவருக்கு இருபத்து மூன்று வயது, தலைமுடி தோளுக்குக் கீழே. அம்மா வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'இசபெல்லா' பாடியிருக்கிறார். "உச்சத்துல குரல் உடைஞ்சு போச்சு. பாவமாயிருந்துச்சு, அதான் சரின்னுட்டேன்" என்பது அம்மாவின் தரப்பு.

பாட்டு முடிந்ததும் அப்பா சத்தத்தைக் குறைத்தார். "நீ ரேடியோவுல ராக் பாட்டுக்கெல்லாம் கதை சொல்ற. உன் தாத்தா பாட்டுக்கு இருக்கிற கதைய எப்பச் சொல்லப்போற?"

அதற்காகத்தான் கிளம்பியிருந்தோம். தாத்தாவின் பாட்டு கோலா கங்சார் பாட்டு. உங்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பள்ளியில் வாரம் தவறாமல் நீங்களும் பாடியிருப்பீர்கள்.

சுங்கை சிப்புட்டில் பசியாற நிறுத்தினோம். துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16ஆம் தேதி வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் தொடங்கியதும் இந்த ஊர்ப் பக்கத்தில்தான். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அவர் பிறந்த தோட்டம் இங்கிருந்து கோலா கங்சார் போகும் வழியில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கித்தாக் காடு செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, இப்போது அங்கே ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கிறது. பாட்டி அதைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "இந்தப் பக்கம் ஆயாக் கொட்டகை. அங்க பெரட்டுக்களம்" என்று எரிபொருள் நிரப்பும் பம்புகளைக் காட்டினார்.

முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி என்று ஐம்பதுகளின் தோட்டத்தைப் பாட்டி சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அந்த வேலிக்குள்தான் தாத்தா அறிமுகமானார். அவர் 1937இல், மூன்று வயதுக் குழந்தையாக, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். படிப்பு இரண்டாம் வகுப்பு. சொத்து ஒரு மவுத் ஆர்கன். பால் வெட்டி முடித்து, வாளி கழுவி, குளித்துவிட்டு மாலையில் அதை எடுத்தால் அவர் வாசித்தது பெரும்பாலும் ஒரே பாட்டு: 'தெராங் பூலான்'.

தெராங் பூலான் என்றால் பளிச்சென்ற நிலா. அந்தக் காலத்து மலாய்க் காதல் பாட்டு. சந்தை மேடையில் ரோங்கெங் ஆடும்போது வாசிப்பார்கள், கல்யாண வீட்டில் வாசிப்பார்கள், காப்பிக் கடை ரேடியோவில் ஓடும். மெதுவான, கொஞ்சம் சோம்பலான மெட்டு. தாத்தாவுக்கு மலாய் வரிகள் பாதி தெரியாது. மெட்டு போதும் அவருக்கு. மூன்றாவது லயத்தில் இருந்த பெண்ணுக்கும் அது போதுமாக இருந்தது. "நிலா இல்லாத ராத்திரியிலயும் அதையேதான் ஊதுவாரு" என்று பாட்டி சொல்லிச் சிரித்தார். எண்பத்தாறு வயதில் ஒரு பெண் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோலா கங்சார் ஊருக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் போனது ஒரு மரத்தைப் பார்க்க. நில அலுவலகத்தின் அருகே வேலி போட்டு நிற்கும் கிழட்டு கித்தா மரம். பிரேசில் காட்டிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், கன்றாகி, இலங்கை வழியாக 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலா கங்சாருக்கு வந்தன. பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நட்டார்கள். அந்த ஒன்பதில் எஞ்சியது இந்த ஒன்று என்று சொல்கிறார்கள். பாட்டி வேலிக்குள் கைவிட முயன்று, முடியாமல், கண்ணாலேயே மரத்தைத் தடவினார். "வெட்டுப் பட்டையெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். முப்பது வருடம் பால் வெட்டியவரின் தீர்ப்பு அது.

இந்த மரம் இல்லையென்றால் நாம் இங்கே இல்லை. ரப்பருக்கு உலகச் சந்தை சூடுபிடித்து, காடழித்துத் தோட்டம் போட்டு, கப்பல் கப்பலாக நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது எல்லாம் இந்த மரத்துக்குப் பின்னால் நடந்தவை. இதை எல்லாப் பயணக் கட்டுரையிலும் எழுதுவார்கள். நான் சொல்லவந்தது அந்த 1877ஐப் பற்றி. மரம் இந்த ஊருக்கு வந்த அதே ஆண்டில், இந்த மாநிலத்தின் சுல்தான் ஒருவர் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டார்.

அவர் சுல்தான் அப்துல்லா. 1874இல் பங்கோர் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, பிரிட்டிஷாரால் பேராக் அரசராக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். ஒப்பந்தப்படி வந்த முதல் ரெசிடெண்ட் பெர்ச், உள்ளூர் வழக்கங்களைக் கால்தூசாக மதித்தார். 1875 நவம்பர் 2ஆம் தேதி, இதே பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பாசிர் சாலாக்கில் அவரைக் குத்திக் கொன்றார்கள். அதில் சுல்தானுக்கும் பங்கு உண்டென்று குற்றம் சாட்டி, 1877இல் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருக்கும் செஷல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். மனைவி மக்களும் பரிவாரமும் கூடவே போனார்கள்.

செஷல்ஸ் அப்போது பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்தாலும் பேச்சும் பாட்டும் பிரெஞ்சு. மாஹே தீவில் பொது இடங்களில் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளில் ஒன்று 'லா ரோசலி'. பிரெஞ்சுக் கவிஞர் பெராஞ்சேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு. ஊருக்குத் திரும்புவோமா மாட்டோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அரச குடும்பத்தின் காதில் அந்த மெட்டு விழுந்தது. கேட்டுக் கேட்டு மனசில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அரச குடும்பத்து வாய்வழிக் கதையாகவே சொல்கிறார்கள். பின்னர் வந்த சுல்தான் இட்ரிஸ் இங்கிலாந்து போகிறார். ஆண்டு 1888 என்பார் ஒருவர், மன்னர் எட்வர்டின் முடிசூட்டை ஒட்டி என்பார் இன்னொருவர். வரவேற்பு அதிகாரி கேட்கிறார்: "உங்கள் மாநிலத்தின் கீதம் எது? இசைக்குழு வாசிக்க வேண்டும்." பேராக்கிற்குக் கீதம் என்று ஒன்று இல்லை. இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. பரிவாரத்தில் இருந்த, செஷல்ஸில் வளர்ந்த அப்துல்லாவின் மகன், தனக்குத் தெரிந்த அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டுகிறார். இசைக்குழு அதைப் பிடித்துக்கொள்கிறது. அன்று முதல் அது பேராக்கின் கீதம், 'அல்லா லஞ்சுத்கான் உசியா சுல்தான்'.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனையோ இசையமைப்பாளர்கள் "இந்த மெட்டு குளிக்கும்போது வந்தது, கார் ஓட்டும்போது வந்தது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மாட்டிக்கொண்ட நேரத்தில் சமாளிப்பதற்காக முணுமுணுத்த மெட்டு ஒரு மாநிலத்தையே எழுந்து நிற்க வைத்ததாக வேறெங்கும் கேட்டதில்லை.

அப்துல்லா 1894இல்தான் மன்னிக்கப்பட்டுத் திரும்ப முடிந்தது. அதுவும் நேராகப் பேராக்கிற்கு இல்லை. முதலில் சிங்கப்பூர், பிறகு பினாங்கு. கடைசிக் காலத்தில்தான் கோலா கங்சார். 1922இல் இந்த ஊரில் இறந்தார். அதாவது தன்னை நாடு கடத்தியபோது கூடவந்த மெட்டு, தான் இழந்த அரியணையில் இருந்தவர்களுக்கு மரியாதை கீதமாக ஒலிப்பதை அவர் வயதான காலத்தில் கேட்டிருப்பார். அந்த நேரம் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று புக்கிட் சந்தானில் நடக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

புக்கிட் சந்தான் அரண்மனை மேடு. உபுதியா பள்ளிவாசலின் தங்க நிறக் குவிமாடம் மரங்களுக்கு மேல் தெரியும். இட்ரிஸ் நோயிலிருந்து குணமானதற்கு நேர்ந்துகொண்டு கட்டத் தொடங்கியது. சுல்தானுடைய யானையும் ராஜா சூலானுடைய யானையும் சண்டை போட்டுக்கொண்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டனவாம். வேலை இழுத்துக்கொண்டே போய் 1917இல் முடிந்தது. இட்ரிஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அப்பாவுக்கு யானைக் கதை மிகவும் பிடித்துவிட்டது, மூன்று முறை சொல்ல வைத்தார்.

அரண்மனைக்குள் கீதமான மெட்டு, வெளியே சும்மா இருக்கவில்லை. பங்சாவான் நாடகக் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. காதல் வரிகள் சேர்ந்து 'தெராங் பூலான்' ஆனது. 1920களிலும் 30களிலும் விருந்து, கேளிக்கை எங்கும் அந்தப் பாட்டுதான். 1937இல் டச்சு இந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், அதே பெயரில் ஒரு படமே வந்து ஓடு ஓடென்று ஓடியது. 1947இல் இங்கிலாந்தில் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் இசைக்குழு 'மமூலா மூன்' என்ற பெயரில் அதைத் தட்டில் பதிவு செய்தது. ஒரு பக்கம் பேராக் சுல்தானுக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் அதே மெட்டுக்கு ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை.

1957 வரை.

சுதந்திரம் வரப்போகிறது, நாட்டுக்குக் கீதம் இல்லை. உலகம் முழுக்கப் போட்டி அறிவித்தார்கள். 514 பாடல்கள் வந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. பெரிய தலைகளைக் கேட்டுப் பார்த்தார்கள்: பிரிட்டனின் பெஞ்சமின் பிரிட்டன், இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்கு இசையமைத்த வில்லியம் வால்டன், ஓபரா எழுதிய மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் கீதத்தை எழுதிய சுபீர் சைட். அவர்கள் தந்ததும் சரிப்படவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு, கையில் இருப்பதையே எடுப்போம் என்று மாநிலக் கீதங்களைப் புரட்டியது. ஆகஸ்டு 5ஆம் தேதி பேராக்கின் மெட்டு தேர்வானது. மண்ணின் மணம் இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன காரணம். புதிய வரிகள் எழுதப்பட்டன. இருபத்தாறே நாளில் 'நெகாராகு' சுதந்திர கீதமாக ஒலித்தது.

அதோடு தெராங் பூலானின் காதல் வாழ்க்கை முடிந்தது. நாட்டின் கீதத்தைக் கேளிக்கையாக வாசிக்கலாமா? கூடாது என்றாகிவிட்டது. பின்னர் 1968இல் சட்டமே வந்தது. கீதத்துக்கு வேண்டுமென்றே மரியாதை காட்டாதவருக்கு 100 வெள்ளி வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை.

எங்கள் தோட்டத்தில் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் கிராணி. செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலை, வழக்கம்போல் தாத்தா மவுத் ஆர்கனை எடுத்து ஊதியிருக்கிறார். கிராணி ஓடிவந்து, "டேய், நிறுத்துடா! இனிமே அது சர்க்கார் பாட்டு. உட்கார்ந்துகிட்டு ஊதக் கூடாது" என்றாராம்.

"அப்ப நின்னுகிட்டு ஊதலாமா?" என்று தாத்தா கேட்டிருக்கிறார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது பாட்டியின் கட்சி. ஆனால் அதற்குப் பிறகு அவர் அதை ஊதவே இல்லை. அடுத்த ஆண்டு கல்யாணம். மேடையில் வேறு ஏதோ சினிமாப் பாட்டு வாசித்தார்கள். "எங்க ரெண்டு பேருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதையும் நாட்டுக்குக் குடுத்துட்டோம்" என்று பாட்டி சொன்னபோது அதில் குறை இல்லை. வீட்டிலிருந்த ஒரே நல்ல பாத்திரத்தைக் கோயிலுக்குக் கொடுத்தவர் பேசுகிற தொனி.

தாத்தாவை எனக்கு நினைவிருக்கிறது. அவர் இறந்தபோது எனக்கு எட்டு வயது. கீதம் ஒலித்தால் அவர் நிற்கும் விதம் எங்கள் வீட்டில் பேர்போனது. முன்பெல்லாம் தியேட்டரில் படத்தோடு கீதமும் போடுவார்கள். எம்.ஜி.ஆர். படம் முடிந்ததும் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க வாசலுக்கு ஓடும். தாத்தா மட்டும், பிள்ளைகளை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி, கடைசி ஸ்வரம் வரை அசையமாட்டார். "கடைசி பஸ்ஸைப் பல தடவை விட்டிருக்கோம்" என்றார் அப்பா. தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் முடிந்து இரவில் கீதம் வரும்போதும் எழுந்து நிற்பார். அதைப் பார்த்த எல்லாரும் அவரை நாட்டுப்பற்று மிக்கவர் என்று சொன்னார்கள். பாட்டி ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நேரத்தில் தாத்தா எந்தப் பக்கம் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த பிஸ்கட் டின்.

ஆற்றங்கரைக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து, கோலா கங்சார் லக்சாவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது பாட்டி டின்னைத் திறந்தார். துருப்பிடித்த மவுத் ஆர்கன். சுருண்ட இரண்டு புகைப்படங்கள். ஒரு சிவப்பு அடையாள அட்டை.

தாத்தா சாகும்வரை சிவப்பு அட்டைக்காரர். இந்நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. சுதந்திரத்தை ஒட்டி நீல அட்டைக்கு மனுச் செய்ய வாய்ப்பு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாமல், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் விட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். தாத்தா பிறகு முயன்றார். பிறப்புச் சான்று கேட்டார்கள். மூன்று வயதில் கப்பலேறியவரிடம் என்ன இருக்கும்? மொழித் தேர்வு என்றார்கள். நாளை வா என்றார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பக்கத்து லயத்துக் குடும்பங்கள் சில பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டன. தாத்தா போகவில்லை. மனைவி இங்கே பிறந்தவர், நீல அட்டை. பிள்ளைகள் நீல அட்டை. அவர் மட்டும் சிவப்பு.

'என் நாடு' என்று தொடங்கும் அந்தக் கீதத்துக்கு நாற்பத்திரண்டு வருடம் அசையாமல் நின்றவரின் அட்டை இது.

நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். படத்தில் தாத்தாவுக்கு என் வயது இருக்கும். சட்டைப் பையில் மவுத் ஆர்கனின் முனை தெரிகிறது என்றார் பாட்டி. எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் கீதத்தின் வேகத்தைக் கூட்டியது. விறுவிறுவென்று அணிவகுப்பு நடை. அதே காலத்தில்தான் நீளமுடி ராக் பாடகர்களைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்று அமைச்சர் சொல்லி, 'சர்ச்', 'விங்ஸ்' பாடகர்கள் எல்லாம் முடிவெட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் எதிர்ப்பு. அப்பா முடிக்காக வருத்தப்பட்டார், தாத்தா வேகத்துக்காக. "ஏன் இந்த ஓட்டம்? யாரு துரத்துறா?" என்பாராம். 2003இல் பழைய நடைக்கே கொண்டுவந்தார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே அவர் போய்விட்டார்.

பேராக் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரியும். திங்கட்கிழமை சபை கூடலில் முதலில் நெகாராகு, அடுத்து மாநில கீதம். இரண்டும் ஒரே மெட்டு. முதல் வகுப்பில் நான், ஆசிரியர் கேசட்டைத் தவறுதலாகத் திரும்பப் போட்டுவிட்டார் என்று நினைத்துச் சிரித்து, ரோத்தானால் ஓரடி வாங்கினேன். வேறு எந்த மாநிலத்துப் பிள்ளைக்கும் இந்தக் குழப்பம் கிடையாது. செஷல்ஸ் கதை எல்லாம் தெரிந்த பிறகு இப்போது கணக்குப் போட்டால், ஒரு வாரத்தில் இரண்டு முறை தாத்தாவின் பாட்டுக்கு நின்றிருக்கிறேன்.

லக்சா வந்தது. மீன் வாசமும் புளிப்பும் சரியாக இருந்தன. அக்கரையில் சாயோங். சுரைக்காய் வடிவில் கறுப்பு மண்கூஜா செய்கிற கிராமம், உமியில் போட்டுக் கறுப்பாக்குவார்கள். ஒன்று வாங்கவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் வெளிச்சம் குறையும்போது பாட்டி மவுத் ஆர்கனை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், டின்னில் வைத்து மூடினார். பிறகு மிக மெதுவாக, வாய் திறக்காமல், முணுமுணுக்கத் தொடங்கினார்.

எனக்கு மெட்டு பிடிபட இரண்டு வரி ஆனது. அவ்வளவு மெதுவாக நான் அதைக் கேட்டதில்லை. அது நிற்கச் சொல்லவில்லை, நடக்கவும் சொல்லவில்லை. ஊஞ்சலில் காலை உந்தாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுவதா வேண்டாமா என்று தெரியாமல், நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் தகப்பன் பழக்கிய பழக்கம். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

பக்கத்து மேசையில் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர். எழுபத்தைந்து இருக்கும். தே தாரேக்கைப் பாதியில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"லாகு லாமா," என்றார். பழைய பாட்டு.

பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் அது கேட்டிருக்கிறது. தோட்டத்து மலாயில் பதில் சொன்னார்: இது என் புருஷன் பாட்டு. பெரியவர் சிரிக்கவில்லை. "என் அம்மாவும் பாடுவார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டி விட்ட இடத்திலிருந்து மீதியை முடித்தார்.

நிலா வரவில்லை. மேகம்.

காரில் ஏறி, டின்னை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டி அப்பாவின் தோளைத் தட்டினார். "ஏன்டா, காலையில கத்திக்கிட்டு வந்தியே, அது என்ன பாட்டு? அந்தப் பொம்பளப் பேரு. அதைப் போடு."

"இசபெல்லாவா? ரேடியோவுல அவங்க போட்டாத்தாம்மா வரும்."

"உன் மகதானே ரேடியோ?"

நான் கைப்பேசியை எடுத்துத் தேடினேன்.